சார்ள்ஸ் லோட்டனும் கலிலியோவும்

நடிகனுடைய கலை நீர்மேல் எழுத்துப் போன்றது என்று கூறுவதுண்டு. கவிஞன் மறைந்தாற் கவிதை நிற்கும். சிற்பி மறைந்தாற் கல் நிற்கும். நடிகன் மேடையை விட்டு இறங்கிய கணத்திலேயே அவனது ஆக்கம் அழிந்துவிடும். சலனப்படம் தோன்றிய பின்னர் இந்நிலை மாறிவிட்டதெனப் பலர் கருதுகின்றனர். ஆனால், எது படச்சுருளில் எஞ்சுகிறது, எது எஞ்சாது போகிறது என்பதைப் பணம் போடுபவனே பெரும்பாலும் தீர்மானிக்கிறான். இதற்கு ஆங்கில நடிகர் சார்ள்ஸ் லோட்டனின் வாழ்விலும் தெளிவான உதாரணம் எமக்குத் தெரியவில்லை.

லோட்டன் 1962ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆந் திகதி ஹொலிவூட்டிற் காலமானார். கோழியைக் கையாற் பிய்த்துத் தின்னும் எட்டாம் ஹென்றி, கப்பலோட்டிகளைக் கசையால் விளாசும் கப்டன் பிளை, பாரிஸ் நகரத் தேவாலயத்தின் கூனன் ஆகிய மூன்று உருவங்களே இன்றும் பெரும்பாலான ரசிகர் மனதில் அவராக நிற்கின்றன. மூன்றும் சிறந்த நடிப்பே. எனினும், அவர் தம் அறிவையும் உழைப்பையும் முழுமையாக ஈந்து உருவாக்கிய பாத்திரம் இம்மூன்றில் ஒன்றுமன்று. அது 1947இல், முந்நூறு பேர்கூட அமர முடியாத ஓர் அரங்கிற் சில வாரங்கள் மட்டும் மேடையேறியது. ஜெர்மன் நாடகாசிரியர் பேர்டோல்ட் பிரெக்டின் கலிலியோவே அப்பாத்திரம். அந்நாடகத்துக்கு முன் லோட்டன் எவ்வாறு வளர்ந்தார், அதன் பின் எவ்வாறு பின்வாங்கினார் என்பதை நோக்குவது, கலைஞனின் சமுதாயக் கடமை பற்றிப் பேசும் நமக்கு அவசியமானது.

அவர் 1899ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி, இங்கிலாந்தின் யோக்‌ஷயர்க் கரையிலுள்ள ஸ்காபரோ என்னும் உல்லாச நகரிற் பிறந்தார். பெற்றோர் ஹோட்டல் நடத்தியவர்கள். யேசுசபையினர் நடத்திய ஸ்ரோனிஹேர்ஸ்ட் கல்லூரியிற் படித்தார். மூத்த மகனாதலாற் குடும்பத் தொழிலையே ஏற்கவேண்டும் என்பது வீட்டாரின் முடிவு. தொழில் பழகுவதற்காக லண்டனிலுள்ள கிளாரிஜஸ் ஹோட்டலுக்கு அனுப்பப்பட்டார். முதலாம் உலகப் போரிற் சாதாரணப் போர்வீரனாகச் சென்று, போர் முடியுந் தறுவாயில் நச்சுப்புகைக்கு ஆளாகித் திரும்பினார். பின்னரும் சில ஆண்டுகள் ஹோட்டற் கணக்குகளையே பார்த்தார். இருபத்தைந்து வயதுக்குப் பின்னரே, 1925இல், லண்டன் அரச நாடகக் கலாசாலையிற் சேர முடிந்தது. அடுத்த ஆண்டு கோகோலின் 'அரசாங்க இன்ஸ்பெக்டர்' நாடகத்தில் முதன்முதலாகத் தொழில்முறை மேடையில் ஏறினார்.

அந்த ஹோட்டல் வாழ்க்கையை அவரது கலையின் முதற் பள்ளிக்கூடமாகவே நாம் கொள்கிறோம். ஹோட்டற்காரனின் மகன் இரு வர்க்கங்களுக்கிடையே நிற்பவன். விருந்தினர்க்கு முன்னே வளையும் முதுகு, அடுக்களைக்குள் நுழைந்ததும் ஊழியர்க்கு முன்னே நிமிர்ந்துவிடும். பணிவும் அதிகாரமும் ஒரே உடலில் நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறுவதைச் சிறுவயதிலிருந்தே கண்டவர் அவர். செக்கோவின் 'செரித் தோட்ட'த்தில், தன் தந்தை அடிமையாயிருந்த பண்ணையையே விலைக்கு வாங்கும் லொபாகின் பாத்திரத்தை 1933இல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் அவர் ஏற்றது பொருத்தமே. அதே பருவத்தில் மக்பெத்தாக நடித்துத் தோல்வியுற்றார் என்பதும் உண்மை. வீரத்தை நடிப்பது அவருக்கு வரவில்லை. அச்சத்தை நடிப்பதில் அவரை வெல்வார் அரிது.

1929இல் அவர் நடிகை எல்சா லாங்செஸ்டரை மணந்தார். எல்சாவின் தாய் ஈடித், ஆங்கிலச் சோஷலிச இயக்க வரலாற்றிற் பெயர் பெற்றவர். திருமணச் சடங்கின்றி ஒரு தொழிலாளியுடன் வாழத் துணிந்தமைக்காக, 1895இல் அவரது குடும்பத்தினரே அவரைப் பலாத்காரமாகப் பைத்தியசாலையில் அடைப்பித்தனர். தோழர்களின் கிளர்ச்சியாலேயே விடுதலையானார். காள் மார்க்ஸின் மகள் எலினருக்குக் காரியதரிசியாகவும் இருந்தவர் அவர். இப்படிப்பட்ட ஒரு வீட்டின் மருமகனாக லோட்டன் வந்தார். எனினும், அவர் எக்கட்சியிலும் சேர்ந்தவரல்லர். அரசியல் பேசுவதையே பெரும்பாலும் தவிர்த்தவர்.

ஹொலிவூட் அவரை அழைத்தபோது கொடுங்கோலரையே தொடர்ந்து நடிக்கக் கொடுத்தது. 1932இல் நீரோ, 1934இல் மகளைச் சிறைவைக்கும் தந்தை பரெட், 1935இற் பொலிஸ் அதிகாரி ஜாவேர், அதே ஆண்டிற் கப்டன் பிளை. இடையே 1933இல், லண்டனில் அலெக்ஸாண்டர் கோர்டா தயாரித்த எட்டாம் ஹென்றி படம் அவருக்கு ஒஸ்கார் பரிசை ஈட்டிக் கொடுத்தது. இக்கொடியோர் எல்லோரிடமும் அவர் ஒரு புண்பட்ட சிறுவனைத் தேடிக் கண்டுபிடித்தார். பிளையின் இறுகிய உதடுகளில், கனவான்களான அதிகாரிகள் தன்னை இழிவாகக் கருதுகின்றனரோ என்ற கீழ்நடுத்தர வர்க்கத்து ஏக்கம் துடிக்கிறது. இது நுட்பமான நடிப்பு. ஆயினும், இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. கொடுமை தனிமனிதனின் மனக்குறையாகக் காட்டப்படும்போது அதனைத் தோற்றுவித்த அமைப்பு மறைந்துவிடுகிறது. 'பவுண்டி' என்ற அக்கப்பல் ஏன் தாகித்தித் தீவுக்குச் சென்றது? மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் வேலைசெய்த அடிமைகளுக்கு மலிவான உணவாக ஈரப்பலாக் கன்றுகளைக் கொண்டுபோகவே சென்றது. நம் வளவுகளில் நிற்கும் அதே ஈரப்பலாதான். கசையடிபட்ட கப்பலோட்டிகளின் முதுகுக்குப் பின்னால் இன்னும் பல்லாயிரம் முதுகுகள் இருந்தன. படத்தின் கவனம் அங்கே செல்லவில்லை.

அக்காலத்துச் சிறு பாத்திரமொன்று எமக்கு இப்பெரிய பாத்திரங்களிலும் உவப்பானது. 1932இல் வெளிவந்த 'எனக்கொரு மில்லியன் இருந்தால்' என்ற படத்தில், ஏர்ன்ஸ்ட் லூபிட்ஸ் நெறிப்படுத்திய ஒரு சிறு பகுதி. பல மேசைகள் வரிசையாகக் கிடக்கும் பெரிய கந்தோரில் ஓர் எழுதுவினைஞன் குனிந்து வேலை செய்கிறான். தபாலில் ஒரு மில்லியன் டொலருக்கான காசோலை வருகிறது. முகத்தில் எவ்வித மாறுதலுமின்றி எழுகிறான், படியேறுகிறான், ஒரு கதவு, இன்னொரு கதவு, மற்றுமொரு கதவு, ஈற்றில் முதலாளியின் அறை. கண்ணாடியிற் கழுத்துப் பட்டியைச் சரிசெய்து, உள்ளே சென்று, உதடுகளாற் பலத்த பழிப்பொலி ஒன்றை எழுப்பிவிட்டுத் திரும்புகிறான். அவ்வளவே. பணம் கிடைத்த பின்னரே அவனுக்கு அத்துணிவு வந்தது என்பதை மறக்கலாகாது. லோட்டனின் பிற்கால வரலாற்றுக்கு இது பொருந்தாத முன்னுரையன்று.

போர்க்காலத்தில், ஹிட்லரின் படைகளால் நாடிழந்து அமெரிக்கா வந்த பிரெஞ்சு நெறியாளர் ழோன் ரெனுவா, 1943இல் 'இது என் நாடு' என்ற படத்தில் லோட்டனை ஒரு பள்ளி ஆசிரியராக நடிக்கவைத்தார். ஆசிரியர்களான நம் வாசகர் தேடிப் பார்க்கவேண்டிய படம் இது. ஆக்கிரமிக்கப்பட்ட ஐரோப்பிய நகரொன்றில் ஆல்பேட் லோரி என்னும் ஆசிரியன் தாயின் சேலைத்தலைப்பைப் பற்றிய குழந்தைபோல வாழ்கிறான். விமானத் தாக்குதலின்போது மாணவர் முன்னிலையிலேயே நடுங்குகிறான், மாணவர் நகைக்கின்றனர். பாடநூல்களிலிருந்து சில பக்கங்களை அகற்றுமாறு ஆக்கிரமிப்பாளர் கட்டளையிடும்போதும் அவன் எதிர்க்கவில்லை. ஆனால் தான் மதிக்கும் தலைமையாசிரியர் சுடப்பட்ட பின்னர், நீதிமன்றத்தில் அவனது நா திறக்கிறது. இறுதியில் வகுப்பறைக்குத் திரும்பி, படையினர் வந்து இழுத்துச்செல்லும்வரை, பிரெஞ்சுப் புரட்சியின் மனித உரிமைப் பிரகடனத்தை மாணவர்க்கு வாசித்துக் காட்டுகிறான். கதையிற் பிரசாரவாடை உண்டு. நீதிமன்றப் பேச்சு நீளமானது. எனினும், கோழையின் உடலிலிருந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டு வெளிவருவதை லோட்டன் காட்டும் விதத்தினால் அப்பேச்சை நாம் நம்புகிறோம். பிறவி வீரன் ஒருவன் அதனைப் பேசியிருந்தால் வெறும் மேடைப்பேச்சாகவே முடிந்திருக்கும்.

அடுத்த ஆண்டிலேயே அவர் பிரெக்டுடன் வேலை தொடங்கினார். பிரெக்டை நமது வாசகருட் பலர் அறிவர். ஹென்றி ஜயசேன 1967இல் மேடையேற்றிய 'ஹுணுவட்டயே கதாவ' சிங்கள அரங்கில் ஏற்படுத்திய தாக்கம் நாடறிந்தது. நாட்ஸிகளிடமிருந்து தப்பி நாடு நாடாக அலைந்த அவர், கலிலியோ நாடகத்தின் முதல் வடிவத்தை 1938-39இல் டென்மார்க்கில் எழுதினார். சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டப்பட்டதும், பூமி சூரியனைச் சுற்றுகிறதென்ற தன் கொள்கையைக் கைவிட்டதாகத் திருச்சபை முன் மண்டியிட்ட விஞ்ஞானியின் கதை அது. அவ்வடிவத்தில் கலிலியோ ஒரு தந்திரசாலி. பணிந்ததுபோல் நடித்து, வீட்டுக்காவலில் இருந்தவாறே தன் இறுதி நூலை இரகசியமாக எழுதி, மாணவன் அந்திரேயாவிடம் ஒப்படைத்து நாட்டின் எல்லையைக் கடக்கச் செய்கிறான். பாசிஸத்தின்கீழ் உண்மையை எப்படியாவது காப்பாற்றவேண்டியிருந்த காலத்தின் படைப்பு அது.

லோட்டனுக்கு ஜெர்மன் மொழி தெரியாது. பிரெக்டின் ஆங்கிலமோ அரைகுறை. இருவரும் பசிபிக் கரைக்குன்றின் மேலிருந்த லோட்டனின் வீட்டிலும் தோட்டத்திலும் சந்தித்தனர். ஒவ்வொரு வசனத்தையும் பிரெக்ட் தன் அரைகுறை ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் நடித்துக் காட்டுவார். லோட்டன் அதனைத் தக்க ஆங்கிலத்தில் திரும்ப நடிப்பார். இருவருக்கும் திருப்தி ஏற்படும்வரை திரும்பத் திரும்ப நடந்தபின் லோட்டன் தம் கையாலேயே எழுதிக்கொள்வார். பைபிளிலிருந்தும் ஈசாப்பிலிருந்தும் ஷேக்ஸ்பியரிலிருந்தும் மாதிரிகள் தேடி வாசித்துக் காட்டுவார். சொல்லிலும் முன்னதாக அச்சொல்லுக்குரிய உடலசைவைத் தேடியதால் அகராதியின் தேவை குறைந்தது. மொழிபெயர்ப்பு நாடகங்கள் நம் மேடையிற் பேச்சுயிர் இழந்து கிடப்பதைக் கண்டு வருந்தும் நாம் இம்முறையை ஊன்றிக் கவனித்தல் நன்று. சலனப்பட ஒப்பந்தங்களுக்கிடையே, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், இலட்சங்கள் சம்பாதிக்கக்கூடிய நடிகர் ஒருவர் இதில் ஈடுபட்டார். தம் சொந்தப் பணத்தையும் இட்டார்.

வேலை நடந்துகொண்டிருந்த வேளையில், 1945 ஆகஸ்ட் 6ஆந் திகதி ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு வீழ்ந்தது. அன்றிலிருந்து கலிலியோவின் கதை வேறாகிவிட்டது. ஆளும் கூட்டத்தாரிடம் தன் அறிவை ஒப்படைத்து, அதனை அவர்கள் எவ்வாறு பயன்படுத்தினாலும் வாய் திறவாதிருக்கும் விஞ்ஞானியின் மூதாதை யார் என்ற கேள்வி எழுந்தது. புதிய வடிவத்தில் கலிலியோவின் பணிவு, தந்திரம் என்ற நிலையிலிருந்து குற்றம் என்ற நிலைக்கு இறங்கியது. கடைசிக் காட்சியில் அந்திரேயா ஆசானின் தந்திரத்தை வியந்து புகழ்கிறான். ஆசானோ அப்புகழை ஏற்க மறுத்துத் தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறான். பின்னர், வாத்திறைச்சியைத் தின்ன உட்காருகிறான்.

1947 ஜூலை 30ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் கொரோனெட் அரங்கில் நாடகம் அரங்கேறியது. நெறியாளர் ஜோசெப் லோசி. இசை ஹன்ஸ் ஐஸ்லர். கடுங் கோடை. பார்வையாளர் சிந்திக்க வேண்டுமானால் அவர்களுக்கு வெக்கை இருக்கலாகாதென்று கூறி, ஐஸ் கட்டிகள் ஏற்றிய லொறிகளை அரங்கச் சுவரோரம் நிறுத்தி, காற்றாடிகளைச் சுழலவிடுமாறு லோட்டன் வற்புறுத்தினாராம். ரசிகரை அழவைப்பதற்குப் பாடுபட்ட நடிகரைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அவர்கள் சிந்திப்பதற்காக ஐஸ் வரவழைத்த நடிகர் இவர் ஒருவரே.

பிரெக்ட் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்தும், ரூத் பேர்லோ எடுத்த ஒளிப்படங்களிலிருந்தும் அந்நடிப்பை ஓரளவு உய்த்துணரலாம். தம் பருத்த உடலை அருவருப்பானதெனக் கருதி வாழ்நாள் முழுதும் நாணியவர் லோட்டன். அவ்வுடலையே கலிலியோவின் அறிவுக்கு இருப்பிடமாக்கினார். அவருடைய கலிலியோ சிந்திப்பதும் உண்பதும் ஒரே இன்பத்துடன். புதிய ஆராய்ச்சி ஒன்றைத் திட்டமிடும்போது கைகளைப் பைகளுள் விட்டுக்கொண்டு உலாவுவான். இந்த இன்ப நாட்டமே அவனை மேதையாக்குகிறது. உடல்நோவுக்கு அஞ்சும் கோழையுமாக்குகிறது. மேதையையும் கோழையையும் வெவ்வேறு மனிதராகப் பிரித்துக் காட்டாமல், ஒன்றின் வேரிலேயே மற்றதும் முளைப்பதாகக் காட்டியதே அந்நடிப்பின் சிறப்பு. பிளையிடம் தனிமனிதக் குறையாக மட்டும் நின்றது, இங்கே வரலாற்றுக் கேள்வியாக விரிந்தது. இயக்கவியல் நோக்கென்று நாம் ஏடுகளில் எழுதுவதை அவர் உடலாற் செய்துகாட்டினார்.

பத்திரிகைகளின் வரவேற்பு மிதமாகவே இருந்தது. ஒக்டோபர் மாதத்தில், அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் காங்கிரஸ் குழு ஹொலிவூட்டை நோக்கித் திரும்பியது. அம்மாதம் 30ஆந் திகதி பிரெக்ட் அக்குழுவின் முன் நின்றார். தாம் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரல்லர் என்று, உண்மையையே, ஆனால் மிகுந்த சாதுரியத்துடன் கூறிவிட்டு, மறுநாளே ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுவிட்டார். ஐஸ்லர் அடுத்த ஆண்டு நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். லோசி பின்னர் கறுப்புப் பட்டியலுக்கு ஆளாகி இங்கிலாந்திற் புகலடைந்தார். டிசம்பரில் நியூயோர்க்கில் மீண்டும் மேடையேறிய கலிலியோ சில நாட்களே நிலைத்தது.

லோட்டன் அக்குழுவின் முன் அழைக்கப்பட்டவரல்லர். மண்டியிடுமாறு அவரை எவரும் கேட்கவில்லை. அவர் தாமாகவே மௌனத்துள் நுழைந்தார். பிரெக்டின் பெயரோடு தம் பெயர் சேர்வதை அதன்பின் தவிர்த்தார். 1950இல் அமெரிக்கப் பிரஜையானார். ஊரூராகச் சென்று பைபிளையும் டிக்கன்ஸையும் வாசித்துக் காட்டினார். 1951இல் மூன்று நடிகருடன் சேர்ந்து ஷோவின் நாடகப் பகுதியொன்றை வாசித்துப் பெரும் புகழ் பெற்றார். இவை நல்ல காரியங்களே. சிறு நகரத்து அமெரிக்கரைச் செவியால் இலக்கியம் சுவைக்கப் பழக்கினார். ஆனால் கலிலியோவை அவர் மீண்டும் தொடவில்லை.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? துரோகி எனத் தள்ளிவிடும் அவசரம் இடதுசாரிகள் சிலரிடம் உண்டு. கலைஞனுக்கு அரசியல் எதற்கு என்று கேட்டு அவருடைய மௌனத்தையே விவேகமாகப் போற்றும் தாராளவாத விமர்சகரும் உளர். இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. அச்சத்துக்கும் ஒரு பொருளாயத அடிப்படை உண்டு. லோட்டன் தற்பாற் சேர்க்கையாளர். எல்சா 1983இல் வெளியிட்ட சுயசரிதையில் இதனைப் பகிரங்கமாக எழுதினார். இங்கிலாந்தில் 1967வரை அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்காவிலும் அக்காலச் சட்டம் அவ்வாறே. உளவுப் பொலிஸாரின் கையில் இதைவிடக் கூரிய கத்தி வேறில்லை. அவர் இழந்துவிட அஞ்சியவற்றுள் ஓவியங்களும் வீடும் மட்டும் இருக்கவில்லை, மானமும் இருந்தது. இதனை உணராது அவரைக் கோழையென்று ஏசுவது எளிது. ஆனால் உணர்ந்தபின்னும் அந்த மௌனம் மௌனமே. அவர் வாய் திறந்திருந்தாற் குழு கலைந்துபோயிருக்காது. லோசி போன்றோர் தனிமைப்பட்டமை சற்றுக் குறைந்திருக்கும். இக்கணக்கை நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து அவர்மேற் சுமத்தவில்லை. அச்சத்தின் காரணங்களை விளக்குவதனாற் குற்றம் கரைந்துவிடாது என்பதைத்தான் கொரோனெட் மேடையில் இரவுதோறும் கலிலியோவாக நின்று அவரே காட்டினார்.

1955இல் அவர் நெறிப்படுத்திய ஒரேயொரு படம் 'வேட்டைக்காரனின் இரவு' வெளிவந்தது. பொருளாதார மந்தகாலத்திற் பிள்ளைகளின் பசிக்காகக் கொள்ளையடித்துத் தூக்கிலேறிய ஒருவனின் பணத்தைத் தேடி, விரல்களில் அன்பு, வெறுப்பு என்று பச்சை குத்திய போலிப் பிரசங்கி ஒருவன் அவனது அநாதைக் குழந்தைகளைத் துரத்துகிறான். வேதவாக்கியமும் கத்தியும் ஒரே கையில் இருக்கும் அவ்வுருவம், வேட்டைகள் நடந்துகொண்டிருந்த அன்றைய அமெரிக்காவின் உருவமாகவே எமக்குத் தோன்றுகிறது. லோட்டன் அவ்வாறு சொன்னதில்லை; சொல்லவும் மாட்டார். படம் வசூலில் தோற்றது. மீண்டும் நெறிப்படுத்தும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. இன்றோ அமெரிக்க சினிமாவின் மிகச் சிறந்த படைப்புகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

1959இல் ஸ்ட்ராட்போர்டில் லியர் மன்னனாக நடித்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'ஸ்பார்டகஸ்' படத்திற் செனட்டர் கிராக்கஸாகத் தோன்றினார். சிறை சென்று கறுப்புப் பட்டியலில் வாடிய டால்டன் ட்ரம்போவின் பெயர் மீண்டும் பகிரங்கமாகத் திரையில் இடம்பெற்ற படங்களுள் அதுவுமொன்று. கிராக்கஸ் நேர்மையற்ற அரசியல்வாதி; எனினும் ஈற்றில் அடிமைப் பெண்ணொருத்தியையும் அவள் குழந்தையையும் உரோமாபுரிக்கு வெளியே தப்பவைத்துவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அவர் கடைசியாக நடித்த படம் 1962இல் ஒட்டோ பிரெமிஞ்சர் வெளியிட்டது. அதில் அவர் தென்மாநிலச் செனட்டர் கூலி. உயர்பதவிக்கு நியமிக்கப்பட்ட ஒருவர் முன்னொருகாற் கம்யூனிஸ்ட் குழுவொன்றில் இருந்தவரென்று சாட்சி கொண்டுவந்து விசாரணைக் குழுவின் முன் அவரை வதைக்கும் பாத்திரம். அப்படத்திலேயே, மறைத்துவைத்த தற்பாற் சேர்க்கை உறவொன்றைக் காட்டி மிரட்டப்பட்டு மற்றொரு செனட்டர் தற்கொலை செய்துகொள்கிறார். தாம் பதினைந்து ஆண்டுகள் அஞ்சி ஒதுங்கிய விசாரணை மண்டபத்துள், விசாரிப்பவனின் ஆசனத்தில், லோட்டன் அமர்ந்திருப்பதைப் படத்திற் காணலாம். தடித்த இமைகளுக்கிடையே எதிராளியை அளக்கும் அந்தப் பார்வை எளிதில் மறப்பதன்று.

கலிலியோ நாடகத்தை, நாடிழந்த லோசி 1975இற் படமாக்கினார். தோப்போல் என்ற நடிகர் கலிலியோவாக நடித்தார். படத்துக்குப் பயன்பட்ட ஆங்கிலப் பிரதி, பசிபிக் கரைக்குன்றின் மேலிருந்த தோட்டத்தில் லோட்டன் தம் கையால் எழுதியது.